சோனி வேலையை விட்டுவிட்டுக் கிட்டாரை எடுத்த ஜேம்ஸ் வில்லியம்சன் – பிங்க் ஹார்ட்ஸ் பற்றி ஒரு விவாத இழை

#1 தகரக்கொட்டகை

இந்தக் குழுமத்தில் ஸ்டூஜஸ் என்று யார் ஆரம்பித்தாலும் பேச்சு அந்த அமெரிக்க ராக் குழுவின் பாடகர் இக்கி பாப் சட்டையில்லாமல் கூட்டத்துக்குள் குதித்த கதையில்தான் போய் நிற்கிறது. அதனால்தான் தனி இழை. இக்கி கொஞ்சம் ஓரமாக நிற்கட்டும். நான் பேச வந்தது ஜேம்ஸ் வில்லியம்சனைப் பற்றி. அதிலும் 'ஜேம்ஸ் வில்லியம்சன் அண்ட் த பிங்க் ஹார்ட்ஸ்' என்ற பெயரில் 2018 ஜூனில் அவர் வெளியிட்ட 'பிஹைண்ட் த ஷேட்' பற்றி. வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை என்று ஆகிவிட்ட ஆல்பம்.

ஆளைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1949இல் டெக்சாஸில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். 1970இல் ஸ்டூஜஸில் இரண்டாவது கிட்டாராகச் சேர்ந்தார். குழு சிதறியது. பிறகு டேவிட் போவியின் நிர்வாக ஆட்கள் இக்கியை லண்டனுக்கு அழைத்தபோது இக்கி கூட்டிப்போனது இவரைத்தான். அங்கே 1972இல் பதிவாகி, 1973 பிப்ரவரியில் வந்தது 'ரா பவர்'. அப்போது யாரும் வாங்கவில்லை. நிர்வாகம் கைகழுவியது, கம்பெனியும் கைகழுவியது. ஆனால் பங்க் குழு செக்ஸ் பிஸ்டல்ஸின் ஸ்டீவ் ஜோன்ஸ் கிட்டார் பழகியது அந்தத் தட்டோடு சேர்ந்து வாசித்துத்தான். நிர்வானா குழுவின் கர்ட் கோபேன் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த பிடித்த ஆல்பங்களில் முதல் பெயரும் அதுதான்.

1974 பிப்ரவரியில் டெட்ராய்ட்டின் மிச்சிகன் பேலஸ் அரங்கில் பாட்டில் வீச்சுக்கு நடுவே கடைசிக் கச்சேரி. அடுத்த வருஷம் இக்கியோடு 'கில் சிட்டி' பதிவு. மனநல மருத்துவமனையில் இருந்த இக்கி வார இறுதியில் அனுமதி வாங்கி வெளியே வந்து பாடிவிட்டுப் போனார். அதுவும் 1977 வரை வெளியே வரவில்லை. அப்புறம் இக்கியின் 'நியூ வேல்யூஸ்' ஆல்பத்துக்குத் தயாரிப்பாளர். அடுத்த ஆல்பத்தில் பாதியிலேயே சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினார். அதோடு இசைக்கு முழுக்கு. கால் பாலி பொமோனாவில் மின்பொறியியல் படித்து 1982இல் பட்டம். சிப் தயாரிக்கும் ஏஎம்டியில் வேலை. 1997 முதல் சோனி. அங்கே தொழில்நுட்பத் தரநிலைகள் பிரிவின் துணைத் தலைவர் வரை போனார்.

2009இல் ஸ்டூஜஸுக்குத் திரும்பினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. என் கட்சி வேறு. அது திரும்புதல் இல்லை, காலியான நாற்காலியில் உட்கார்ந்தது. அவர் உண்மையில் திரும்பி வந்தது 68 வயதில், இக்கி இல்லாமல், புதுப் பாட்டுகளோடு, புதுக் குழுவோடு பிங்க் ஹார்ட்ஸில்தான். மறுப்பவர்கள் வரலாம்.


#2 கறார்_காதர்

வந்துட்டேன்.

நாற்காலி காலியானது எப்படின்னும் எழுதியிருக்கலாமே தலைவரே. ஸ்டூஜஸோட முதல் கிட்டார்காரர் ரான் ஆஷ்டன் 2009 ஜனவரில செத்துப்போனாரு, அதனால காலியாச்சு. அதுக்கு முன்னாடி 1972ல அந்த நாற்காலி காலியாவே இல்ல, ரானைக் கிளப்பிவிட்டுட்டு உட்கார்ந்தாங்க. முதல் ரெண்டு ஆல்பத்துல அந்த வா-வா, அந்த ஃபஸ்னு கிட்டார் சத்தத்தை வளைச்சுக் கரகரப்பாக்கறது எல்லாம் யாரோட கை? லண்டன்ல பேஸும் டிரம்ஸும் வாசிக்க இங்கிலீஷ்காரங்க யாரும் சரிப்படலைன்னதும் ஆஷ்டன் சகோதரர்களைக் கூப்பிட்டாங்க. தம்பி ஸ்காட்டுக்கு டிரம்ஸ். அண்ணனுக்கு? பேஸ். தான் தொடங்கின குழுவுலயே. இதைச் சொல்லாம வில்லியம்சன் புராணம் பாடினா நான் எப்படி சும்மா இருக்கறது?

பிங்க் ஹார்ட்ஸ் கேட்டேன். ஒரு தடவை. போதும்.


#3 வால்வு_சூடு

காதர் பாய், ஒரு தடவை கேட்டுத் தீர்ப்பு எழுதும் நீதிபதி நீங்கள் ஒருவர்தான்.

நான் கிட்டார் பக்கம் இருந்து மட்டும் பேசுகிறேன். வில்லியம்சனின் கருவி லெஸ் பால் கஸ்டம். ஆம்ப், அதாவது ஒலிபெருக்கி, வாக்ஸ் ஏசி30. பேரைக் கேட்டுப் பெரிய ஆம்ப் என்று நினைக்க வேண்டாம். 30 வாட்தான், நாலு இஎல்84 வால்வு. இதே காலத்தில் மற்ற ராக் ஆட்கள் 100 வாட் மார்ஷல் அடுக்கி வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஏசி30ஐ முழுசாகத் திறந்துவிட்டால் அது மார்ஷல் மாதிரி அடிவயிற்றில் இடிக்காது. மேல் ஸ்தாயி கண்ணாடிச் சில்லு போலத் தெறிக்கும், வால்வுகள் மூச்சுத் திணறிக் கொஞ்சம் அமுங்கும். லெஸ் பாலின் ஹம்பக்கர் (கம்பி அதிர்வைப் பிடிக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) தரும் தடித்த சத்தம் அந்த ஆம்ப்பில் நுழையும்போது கிடைக்கிறதே ஒரு கடி, 'ரா பவர்' முழுக்க அதுதான்.

அதைவிட முக்கியம் வலது கை. பெரும்பாலும் கீழ்நோக்கிய அடி. உள்ளங்கையால் கம்பியை அமுக்கி 'சக் சக்' என்று வாசிப்பதைப் பின்னால் வந்த மெட்டல்காரர்கள் வழக்கமாக்கினார்கள். இவர் கம்பிகளை முழுசாகப் பேச விடுவார். ரிதம் வாசிக்கும்போதே நடுநடுவே லீட் துணுக்குகளைச் செருகுவார். ஒரே கிட்டார்தான் இருக்கிறது என்பது கேட்பவனுக்குத் தெரியவே தெரியாது. ஸ்மித்ஸின் ஜானி மார் இவருடைய பெரிய ரசிகர். மாரின் மென்மையான வாசிப்பை மட்டும் கேட்டவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் ஒற்றைக் கிட்டாரால் பாட்டு முழுவதையும் நிரப்புவது எப்படி என்று அவர் யோசித்த வழி இங்கிருந்தும் வந்தது என்று எனக்குப் படுகிறது.

'பிஹைண்ட் த ஷேட்' வேகப் பாட்டுகளில் அந்தக் கை அப்படியே இருக்கிறது. முப்பது வருஷம் ஸ்ப்ரெட்ஷீட் பார்த்த கை என்று சொல்ல முடியாது. ஆனால் கடி குறைவு. அது வயசா, ஒலிப்பதிவு சுத்தமாக இருப்பதாலா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன்.


#4 புதுமழை

எல்லோருக்கும் வணக்கம். நான் இந்தப் பக்கம் புதுசு. ஸ்டூஜஸ் மூணு ஆல்பமும் கேட்டிருக்கேன், ஆனா பிங்க் ஹார்ட்ஸுக்கு வந்த வழி வேற. பெட்ரா ஹேடன் வழியா வந்தேன். த ஹூ குழுவோட ஒரு முழு ஆல்பத்தை வாத்தியமே இல்லாம, எல்லாக் குரலும் தானே பாடி 2005ல வெளியிட்டாங்களே, அவங்கதான். ஜாஸ் பேஸ் மேதை சார்லி ஹேடனோட மகள். வயலினும் வாசிப்பாங்க.

பிங்க் ஹார்ட்ஸ்ல ரெண்டு பாடகர்கள். ஒருத்தர் ஃபிராங்க் மேயர், லாஸ் ஏஞ்சலஸ் ஸ்ட்ரீட்வாக்கின் சீட்டாஸ் குழுக்காரர். தொண்டையைக் கிழிச்சுப் பாடற வகை. இன்னொருத்தர் பெட்ரா. யாருமே இதைப் பேசாதது எனக்கு ஆச்சரியம். அந்த ஆல்பத்தோட அழகே மேயரோட கரகரப்புக்குப் பக்கத்துல பெட்ரா குரல் அலட்டிக்காம வந்து நிக்கறதுதான். மெதுவான பாட்டுகள்ல வயலின் வரும்போது வில்லியம்சன் கிட்டார் ஒதுங்கி வழி விடுது. 'ரா பவர்'ல அந்தக் கிட்டார் யாருக்காவது வழி விட்டதா?

காதர் சார், ஒரு தடவை கேட்டீங்கன்னா எந்தப் பாட்டு வரைக்கும் கேட்டீங்க? :)


#5 கறார்_காதர்

நாலாவது வரைக்கும். பொய் சொல்ல மாட்டேன்.

வழி விடுறது அழகுன்னா இளையராஜா பாட்டே கேட்டுக்கறேன்மா. ஸ்டூஜஸ்காரன் கிட்ட நான் போறது வழி மறிக்கிறதுக்காக.


#6 சிலிக்கான்_சித்தப்பா

சான் ஹோசேவிலிருந்து எழுதுகிறேன். இங்கே எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு வில்லியம்சன் கதை ஒரு கிசுகிசு மாதிரி. அவரோடு வேலை பார்த்த பலருக்கு அவர் யார் என்றே ரொம்ப நாள் தெரியாதாம். 1996இல் ஒலிம்பிக்ஸ் சமயத்து நைக்கி விளம்பரத்தில் 'ரா பவர்' ஆல்பத்தின் முதல் பாட்டு ஓடியது. நாடு முழுக்க டிவியில் தன் கிட்டார் அலற, மறுநாள் காலை மனிதர் டை கட்டிக்கொண்டு ஆபீஸ் போயிருப்பார்.

தரநிலை வேலை என்றால் என்ன என்பது வெளியே பலருக்குத் தெரியாது. நானும் கொஞ்ச காலம் அந்தப் பக்கம் இருந்தவன். ஒருவரையொருவர் சந்தையில் கவிழ்க்கப் பார்க்கும் கம்பெனிகள் ஒரே மேஜையில் உட்கார்ந்து, இந்தச் செருகி இந்த அளவு, இந்தக் குறியீடு இந்த வரிசை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாக்கியத்துக்காக ஒரு வாரம் போகும். யாரும் முழுசாக ஜெயிக்கக் கூடாது, யாரும் மேஜையை விட்டு எழுந்து போகவும் கூடாது. 1973இல் எதற்கும் விட்டுக்கொடுக்காமல் வாசித்த ஆள் இதைத் தொழிலாகச் செய்திருக்கிறார்.

புதுமழை சொன்ன 'வழி விடுதல்' அங்கிருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். வயதானதால் தணிந்துவிட்டார் என்று சொல்வது சோம்பேறித்தனம்.

இன்னொன்று. பட்டம் வாங்கும்போது அவருக்கு 32 வயது. கால்குலஸ் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பையன்களுக்கு 'ரா பவர்' வந்தபோது பத்துப் பன்னிரண்டு வயசு இருந்திருக்கும்.


#7 தகரக்கொட்டகை

சித்தப்பா, அருமை. நைக்கி விஷயம் எனக்கு மறந்தே போயிருந்தது.

காதருக்கு: ரானுக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கும் உங்களுக்கும் வழக்கில்லை. 2003 கோச்செல்லாவில் அவர் திரும்பக் கிட்டாரை எடுத்து நின்றது நியாயத்தின் ஒரு பகுதியாவது. ஆனால் 2009இல் வில்லியம்சன் எதையும் பறிக்கவில்லை. சோனியில் முன்கூட்டியே ஓய்வு பெறும் வாய்ப்பை எடுத்துக்கொண்ட நேரம், இக்கி கூப்பிட்டார். உடனே மேடையேறவும் இல்லை. செப்டம்பரில் சான் ஹோசேயில் ஒரு சின்ன கிளப்பில், கேர்லெஸ் ஹார்ட்ஸ் என்ற உள்ளூர்க் குழுவோடு வாசித்துக் கையைச் சோதித்துக்கொண்டார். நவம்பரில்தான் பிரேசில், சாவ் பாவ்லோவில், ஸ்டூஜஸோடு. பத்துப் பேர் கூட அடையாளம் காணாத குழுவோடு முதல் மேடை, ஆயிரக்கணக்கான கூட்டத்தில் இரண்டாம் மேடை. இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

அதன் பிறகு நடந்ததுதான் என் பிரச்சனை. 2010 மார்ச்சில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம். அந்த மே மாதம் லண்டனில் 'ரா பவர்' முழுசாக மேடையில். 2013இல் 'ரெடி டு டை'. எல்லாம் மரியாதை. ஆனால் அந்தக் குழுவில் அவர் செய்தது இரண்டு காவல்: தன்னுடைய இளமைப் பாட்டுகளைக் காத்தது, ரானின் பாட்டுகளை ரானுக்குப் பதிலாகக் காத்தது. 2014 மார்ச்சில் ஸ்காட் ஆஷ்டன் போனார். மறுவருஷம் சாக்ஸபோன் ஸ்டீவ் மக்கே. 2016இல் ஸ்டூஜஸ் முடிந்துவிட்டது என்று வில்லியம்சனே சொல்லிவிட்டார்.

அப்புறம் கேட்பதற்கு யாருமில்லை, காப்பதற்கும் எதுவுமில்லை. அப்போது என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்.


#8 வால்வு_சூடு

நடுவில் 'ரீ-லிக்ட்'டை விட்டுவிட்டீர்கள், 2014. 'ரா பவர்' முடிந்து கம்பெனி கைவிட்ட பிறகு எழுதிய பாட்டுகள், ஒழுங்காக ஸ்டுடியோவில் பதிவாகாமலே திருட்டுப் பதிவுகளாக நாற்பது வருஷம் சுற்றிக்கொண்டிருந்தன. ஜெல்லோ பியாஃப்ரா, மார்க் லேனகன், ஆலிசன் மோஸ்ஹார்ட், பாபி கில்லஸ்பி என்று பாட்டுக்கு ஒருவரை அழைத்துப் பதிவு செய்தார். எனக்குக் கேட்டால் பிங்க் ஹார்ட்ஸை விட இதுதான் பலம். பாட்டுகளே அப்படி.


#9 புதுமழை

பலம்தான். ஆனா குழு இல்லையே அண்ணா. ஒவ்வொருத்தரா மைக் முன்னாடி வந்து, குனிஞ்சு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போற மாதிரி இருக்கு எனக்கு. பாட்டும் 1973 பாட்டு. பாடறவங்களும் அவர் ரசிகர்கள். அவரை யாரும் எதிர்த்துப் பேசாத ஒரு அறை.

பிங்க் ஹார்ட்ஸ்ல அப்படி இல்ல. பெட்ராவுக்கு ஸ்டூஜஸ் மாதிரி பாடற எண்ணமே கிடையாது. அதனால அவர்தான் அவங்க பக்கம் நகர வேண்டியிருக்கு.


#10 யாழ்_ரேடியோ

வணக்கம். சிட்னியில இருந்து ஒருத்தன். இழையை முழுக்க வாசிச்சன், ஒருத்தரும் டெனிஸ் டெக்கைப் பற்றிக் கதைக்கேல்லை. இதென்ன நியாயம்?

டெனிஸ் டெக் ஆன் ஆர்பர்ப் பெடியன். ஸ்டூஜஸின்ர சொந்த ஊர்ப்பக்கம். அவையின்ர கச்சேரியளைப் பார்த்து வளர்ந்தவர். எழுபதுகளின்ர தொடக்கத்தில வைத்தியம் படிக்க சிட்னிக்கு வந்து, 1974இல ரேடியோ பேர்ட்மேன் எண்டு ஒரு குழு தொடங்கினார். குழுப் பெயரே ஒரு ஸ்டூஜஸ் பாட்டு வரியைப் பிழையாக் கேட்டு வைச்சது. டெய்லர் ஸ்குவேரில ஒரு பப்பில வாசிப்பினம். அந்த இடத்துக்கும் ஸ்டூஜஸின்ர ரெண்டாவது ஆல்பத்தின்ர பேர்தான்: ஒக்ஸ்போர்ட் ஃபன்ஹவுஸ். இப்ப அந்தப் பக்கம் போனால் ஒண்டும் தெரியாது. நான் பஸ்ஸில போகேக்க ஒவ்வொரு முறையும் எட்டிப் பாக்கிறனான், அது வேற கதை.

டெக் பிறகு அமெரிக்கக் கடற்படையில விமானப் பிரிவு வைத்தியராயும், அவசர சிகிச்சைப் பிரிவிலயும் வேலை செய்தவர். கிட்டாரை மட்டும் விடேல்லை. 1981இல 'நியூ ரேஸ்' எண்டு ஒரு குழு அவுஸ்திரேலியாவைச் சுற்றினது. டெக், ரேடியோ பேர்ட்மேன் பாடகர் ரொப் யங்கர், டெட்ராய்ட் ராக் குழு எம்சி5இன்ர டிரம்மர் டெனிஸ் தொம்சன், அதோட ரான் ஆஷ்டன்! காதர் அண்ணை, கேக்குதோ? உங்கட ரான் கிட்டாரோட எங்கட ஊர் மேடையில.

இப்ப அடுத்த பக்கம். 2017இல வில்லியம்சனும் டெக்கும் சேர்ந்து ஒரு அகூஸ்டிக் இபி (நாலைஞ்சு பாட்டுள்ள சின்னத் தட்டு), 'அகூஸ்டிக் கே.ஓ.' எண்டு. பிறகு 2020 செப்டம்பரில முழு ஆல்பம், 'டூ டு ஒன்'. ஸ்டூஜஸின்ர ரெண்டு கிட்டார்காரரோடயும் சேர்ந்து வாசிச்ச மனுசன் டெக். அதால நான் சொல்லுறன்: வில்லியம்சன் உண்மையாத் திரும்பினது பிங்க் ஹார்ட்ஸில இல்லை, 'டூ டு ஒன்'னில. ரெண்டு பேரும் வேற தொழிலில முழு வாழ்க்கை வாழ்ந்த ஆக்கள். ஒருத்தர் பொறியியலாளர், ஒருத்தர் டாக்குத்தர். ரெண்டு பேருக்கும் ஒருத்தருக்கும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. அது கேக்கேக்கயே விளங்கும்.


#11 கறார்_காதர்

யாழ் தம்பி, நியூ ரேஸ் லைவ் தட்டு என்கிட்ட ஒரு காலத்துல இருந்துச்சு. வீடு மாத்தும்போது போச்சு. சரி, உங்களுக்காக 'டூ டு ஒன்' கேக்கறேன். முழுசா.


#12 மெட்ராஸ்_மோனோ

ஒரு சந்தேகம். இதை எதற்குக் கராஜ் ராக் பிரிவில் போட்டிருக்கிறீர்கள்? கராஜ் என்றால் அறுபதுகள், டகோமாவின் சோனிக்ஸ் மாதிரி, லென்னி கே 1972இல் 'நக்கெட்ஸ்' தொகுப்பில் சேர்த்த ஒற்றைப் பாட்டுக் குழுக்கள் மாதிரி. ஸ்டூஜஸ் எலெக்ட்ரா கம்பெனி குழு. முதல் ஆல்பத்துக்குத் தயாரிப்பாளர் ஜான் கேல்.


#13 வால்வு_சூடு

ஆள் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள் மோனோ. வில்லியம்சன் பதினாறு வயசு வாக்கில் டெட்ராய்ட்டில் தொடங்கிய முதல் குழு 'சோசன் ஃபியூ'. அந்தக் காலத்துப் பள்ளிக்கூடப் பையன்களின் குழு, ஸ்டோன்ஸ் பாட்டுகளை வாசித்துப் பழகியவர்கள். இதைவிடக் கராஜ் எது? அவர் விலகிப் போன பிறகு அதே குழுவில் பேஸ் வாசித்தது யார் தெரியுமா? ரான் ஆஷ்டன். விதி என்று சொல்ல மாட்டேன், சின்ன ஊர், கொஞ்சம் பேர்தான் கிட்டார் வைத்திருந்தார்கள்.

'ரா பவர்' ஒலியும் அந்தப் பிறப்பைக் காட்டிக்கொடுக்கிறது. தனித்தனியாகப் பதிவான ஒலிகளைச் சேர்த்து இக்கி கலந்த கலவையை (மிக்ஸ்) கம்பெனி ஏற்கவில்லை. போவி லாஸ் ஏஞ்சலஸில் ஒரே நாளில் மறுபடி கலந்தார். 24 டிராக்கில் மூன்றில்தான் ஏதாவது இருந்தது என்பது போவி சொன்ன கதை: மொத்தக் குழு ஒன்றில், லீட் கிட்டார் ஒன்றில், குரல் ஒன்றில். இக்கி 1997இல் மறுபடி கலந்தபோது ஒலி அளவுமானியின் எல்லா ஊசியும் சிவப்பில் நிற்கும்படி ஏற்றிவிட்டார். இரண்டு கலவையையும் வைத்து இன்றைக்கும் அடித்துக்கொள்கிறோம். ஒழுங்காகப் பதிவான ஸ்டூஜஸ் என்று ஒன்று அந்தக் காலத்தில் இல்லவே இல்லை.

அதனால்தான் பிங்க் ஹார்ட்ஸ் பலருக்கு உறுத்துகிறது. முதல் முறையாக அந்த மனிதரின் கிட்டாரை மேலே தூசி இல்லாமல் கேட்கிறோம்.


#14 மெட்ராஸ்_மோனோ

சரி, பிரிவு விவகாரத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒப்பிட ஆள் வேண்டுமென்றால் வெய்ன் கிராமர்தான். அதே டெட்ராய்ட், அதே வயசு, எம்சி5. போதைப்பொருள் விற்று எழுபதுகளில் சிறைக்குப் போனார். வெளியே வந்து, பிற்காலத்தில் கைதிகளுக்குக் கிட்டார் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டார். 2018இல், ஆமாம், பிங்க் ஹார்ட்ஸ் வந்த அதே வருஷம், கிராமரும் புதுக் குழு கட்டினார். எம்சி50. சவுண்ட்கார்டன் கிம் தயில், ஃபுகாசி பிரெண்டன் கேன்டி எல்லாம் சேர்ந்து, 1968இல் கிராண்ட் பால்ரூமில் பதிவான எம்சி5 முதல் ஆல்பத்தின் ஐம்பதாம் ஆண்டை ஊர் ஊராகக் கொண்டாடினார்கள். அரங்கு நிறைந்தது. எல்லோரும் எழுதினார்கள்.

வில்லியம்சன் அதே வருஷம் புதுப் பாட்டு கொண்டுவந்தார். அவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஜனங்களுக்கு வேண்டியது எது என்று இதிலிருந்தே தெரிகிறதே. அதில் ஜனங்கள் மேல் குறை சொல்லவும் எனக்கு மனசில்லை. நானே எம்சி50 காணொளிகளைத்தான் தேடித் தேடிப் பார்த்தேன்.


#15 தகரக்கொட்டகை

மோனோ, கிராமரைக் குறைத்துப் பேச எனக்கும் வாய் வராது. கடைசியில் அவரும் புதுப் பாட்டுக்குத்தான் வந்தார். எம்சி5 பெயரில் 'ஹெவி லிஃப்டிங்' 2024 அக்டோபரில் வந்தது. ஆனால் அவர் பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார். மே மாதம் டெனிஸ் தொம்சனும். புது ஆல்பம் வெளியாகும்போது கேட்க அந்தக் குழுவின் பழைய ஆள் யாரும் மிச்சமில்லை. நேரம் இருக்கும்போதே வில்லியம்சன் புதுசுக்குப் போனார் என்று நான் அவரைப் புகழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாழ் அண்ணைக்கு: 'டூ டு ஒன்' நல்ல ஆல்பம், மறுக்கவில்லை. ஆனால் அது இரண்டு சம வயதுக்காரர்கள், ஒரே பள்ளிப் பாடம் படித்தவர்கள், ஒரே பாஷையில் பேசிக்கொள்வது. சுகமான பேச்சு. பிங்க் ஹார்ட்ஸ் ரிஸ்க்.


#16 யாழ்_ரேடியோ

சுகமான பேச்சு எண்டால் என்ன குறை? எழுபது வயதில மனுசர் எல்லா நாளும் மலையில இருந்து குதிக்க வேணுமோ? இக்கியைக் கேளுங்கோ, அவரே இப்ப குதிக்கிறேல்லை.

இன்னொண்டு. டெக்கின்ர கிட்டாரும் வில்லியம்சனின்ர கிட்டாரும் சேரேக்க ஆர் எது வாசிக்கினம் எண்டு கேட்டுப் பிரிக்கிறது ஒரு விளையாட்டு. வால்வு அண்ணை கட்டாயம் கேக்க வேணும். டெக்கின்ர வாசிப்பில ஒரு சேர்ஃப் ராக் (அறுபதுகளின்ர கலிபோர்னியாக் கடற்கரைக் கிட்டார் இசை) வாடை இருக்கு, நீர் மாதிரி ஓடும். வில்லியம்சன் வெட்டுவார்.


#17 சோளப்பொரி

எல்லாரும் கிழவனுங்க. இக்கி இல்லாத ஸ்டூஜஸ் கிட்டாரிஸ்ட் ஆல்பத்தை எவன் கேப்பான்?


#18 மட்டுறுத்துநர்

சோளப்பொரி, இரண்டாவது எச்சரிக்கை. ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வந்து திட்டுங்கள், அனுமதி உண்டு.


#19 சிலிக்கான்_சித்தப்பா

கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது, சொன்ன விதத்தை விட்டுவிட்டுப் பார்த்தால். 2016இல் இக்கி தானும் ஒரு புதுக் கூட்டணி போட்டார், ஜோஷ் ஹோமியோடு 'போஸ்ட் பாப் டிப்ரெஷன்'. உலகமே கேட்டது. பாடகனுக்குப் பின்னால் எந்தக் குழு நின்றாலும் முகம் அதே முகம். கிட்டாரிஸ்டுக்கு அந்த வசதி இல்லை. கிட்டாரிஸ்ட் புதுக் குழு தொடங்கினால் கேட்பவன் முதலில் தேடுவது 'பாடுவது யார்' என்பதைத்தான்.

வில்லியம்சன் அதற்கு இக்கி நகல் ஒருவரைத் தேடியிருக்கலாம். ஃபிராங்க் மேயர் ஓரளவு அந்த வேலையைச் செய்கிறார் என்பதும் உண்மை. பக்கத்தில் பெட்ராவை நிறுத்தியதுதான் கெட்டிக்காரத்தனம். இரண்டு பேர் பாடும்போது யாரையும் இக்கியோடு நேராக ஒப்பிட முடியாது.

ஆல்பம் வந்ததும் அவருடைய சொந்த லேபிளில்தான், லெப்பர்ட் லேடி ரெக்கார்ட்ஸ். அது அவருடைய பழைய லெஸ் பாலின் செல்லப்பெயர். பெரிய கம்பெனி கிடையாது, விளம்பரக் காசு கிடையாது. ஓய்வூதியம் இருக்கிற ஆள், வாடகைக்காக வாசிக்க வேண்டியதில்லை. அதனால்தான் யாருக்கும் தெரியாமலும் போனது.


#20 வால்வு_சூடு

யாழ் நண்பரே, ஹெட்போனில் 'டூ டு ஒன்' இரண்டு சுற்று போனது. நீங்கள் சொன்ன விளையாட்டு சரிதான். பெரும்பாலும் பிரிக்க முடிகிறது. ஒருவர் கம்பியை வருடிப் போகிறார், ஒருவர் அடிக்கிறார். ஆனால் இந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு 'பிஹைண்ட் த ஷேட்'டுக்குத் திரும்பியபோது என் கருத்து கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 'டூ டு ஒன்'னில் வில்லியம்சன் கிட்டாரிஸ்ட். 'பிஹைண்ட் த ஷேட்'டில் அவர் பாட்டு எழுதுபவர். மெதுவான பாட்டுகளில் அவர் அடுக்கியிருக்கும் கார்டுகள் 'கில் சிட்டி'யின் வழித்தோன்றல். 'ரா பவர்' அங்கே ஒரு மூலையில்தான் இருக்கிறது. நாம் எல்லோரும் தப்பான ஆல்பத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். 'கில் சிட்டி'யைக் கேட்டுவிட்டு இதைப் போட்டுப் பாருங்கள். நாற்பது வருஷ இடைவெளியே தெரியாது.

குறை ஒன்று மிச்சம். டிரம்ஸ். வாசித்தவர் திறமைசாலி, தாளம் ஒரு மயிரிழை பிசகவில்லை. ஸ்காட் ஆஷ்டன் பிசகுவார். அரை மூச்சு பின்னால் தங்குவார், அந்த இடைவெளியில் கிட்டார் முன்னால் பாயும். அந்த ஆபத்து இங்கே இல்லை. வில்லியம்சனின் கடி குறைந்ததாக நான் #3இல் எழுதியதற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம்.


#21 கறார்_காதர்

'டூ டு ஒன்' முழுசாக் கேட்டேன். சொன்ன சொல் காப்பாத்தியாச்சு. நல்லா இருக்கு. ரான் இருந்திருந்தா டெக் பக்கத்துல அவர்தான் நின்னிருக்கணும்னு பாட்டுக்குப் பாட்டு தோணுச்சு. அது என் வியாதி, மாறாது.

வால்வு சொன்னதால 'கில் சிட்டி'க்கு அப்புறம் 'பிஹைண்ட் த ஷேட்' போட்டேன். இந்த முறை நாலைத் தாண்டிட்டேன். அந்த வயலின் பொண்ணு பரவாயில்ல. டிரம்ஸ் பத்தி வால்வு சொன்னது நூத்துக்கு நூறு. ஸ்காட் இல்லாத எதுவும் ஸ்டூஜஸ் இல்ல, இது வேற என்னவோ. வேற என்னவோன்னா திட்டறேன்னு அர்த்தம் இல்ல.

தகரம், உங்க கட்சிக்கு இன்னும் ஓட்டு போடல.


#22 புதுமழை

காதர் சார் நாலைத் தாண்டிட்டார்!! யாராவது இந்த இழையை மேலே பின் பண்ணுங்க.


#23 யாழ்_ரேடியோ

காதர் அண்ணை, இஞ்ச நியூடவுன் பக்கம் பழைய ரெக்கோர்ட் கடையள் கொஞ்சம் இன்னும் இருக்கு. நியூ ரேஸ் லைவ் தட்டு ஆம்பிட்டால் வாங்கி வைக்கிறன். டிசம்பரில மதுரைக்கு ஒரு கலியாணத்துக்கு வாறன். தனிமடலில விலாசம் போடுங்கோ.


#24 கறார்_காதர்

போட்டாச்சு. காசு நான்தான் தருவேன், அதுல சண்டை வேண்டாம்.